கருங்காலிச் சொல்

"இன்னுமா அதே வார்த்தை?" என்று கேட்டார் வில்ஃப்.

கேய்னர் அப்போதுதான் பின்வாசல் வழியாக வந்து, அடுக்களையைத் தாண்டி முன்னறைக்குள் தலையை நீட்டியிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்பா வில்ஃப் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் உயரத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் உருளை.

"அதேதான்."

"போன தடவ வந்தப்பவும் அதே. கிறிஸ்துமஸுக்கு வந்தப்பவும் அதே. நாலெழுத்து வார்த்தை! இவ்ளோ நேரத்துல நாங்க ஒரு மலையையே குடைஞ்சு வெளிய கொட்டியிருப்போம், கண்ணு."

"நீங்க குடைஞ்சதத்தான் மூடிட்டாங்களே. என் வார்த்தைய இன்னும் மூடல."

சிரித்தார். அவருடைய சிரிப்பு இருமலில்தான் போய் முடியும். சுரங்கத்தில் இருந்த வருஷமெல்லாம் மூச்சோடு உள்ளே போன கரித்தூள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. இலையுதிர்காலம் வரைக்கும் இருப்பார் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். மாடி ஏற முடியாமல் போனபோது கேய்னரும், அப்பாவின் கூட்டாளி க்ளிஃப்பும் சேர்ந்து கட்டிலைக் கீழே இறக்கினார்கள். உருளைக்கும் இடம் வேண்டும், கணப்பையும் மறைக்கக்கூடாது. கடைசியில் முன்கதவை அடைத்தாற்போல் குறுக்கே போட்டார்கள். யாருக்கும் அதில் சங்கடமில்லை. தோர்ன்ஷாவில் முன்கதவை யார் திறக்கிறார்கள்? சொந்தம், கூட்டாளி, அண்டைவீடு எல்லாம் சந்துக்குள் நுழைந்து பின்வாசலில் கதவைத் தட்டாமலே வருவார்கள். முன்கதவு டாக்டருக்கு, போலீஸுக்கு, சவப்பெட்டிக்கு.

கேய்னர் வேலை பார்ப்பது தெற்கே, ஒரு பல்கலைக்கழக ஊரில், அகராதி போடும் அலுவலகத்தில். அவளுக்குக் கொடுத்திருந்த சொல் 'வித்', ஆங்கிலத்தில் நாலே எழுத்து. நாம் 'ஓடு' என்றும் 'உடன்' என்றும் 'கூட' என்றும் சில சமயம் 'ஆல்' என்றும் சொல்கிற அத்தனைக்கும் ஆங்கிலேயர்களுக்கு அந்த ஒரு சொல்தான். முன்னிடைச்சொல் என்று இலக்கணக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அகராதி வேலையில் பெரிய சொற்கள் சுலபம். காண்டாமிருகத்தை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். இந்த மாதிரிப் பொடிச்சொல்தான் ஆளைத் தின்னும். கத்தியால் வெட்டினான், மனைவியோடு வந்தான், காய்ச்சலோடு கிடந்தான், எதிரியோடு மோதினான் என்று ஆயிரம் வருஷத்து எழுத்திலிருந்து வாக்கியங்களை மலைபோல் குவித்து, ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பிரித்து அடுக்க வேண்டும். அனுபவசாலிகள் நழுவிவிடுவார்கள். புதிதாக வந்தவள் தலையில் கட்டுவார்கள். கேய்னர் தலையில் கட்டினார்கள்.

பொறுப்பாசிரியர் ஆப்ரி நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் நாள் அவளிடம், "உங்க அப்பா நிஜமாவே சுரங்கத் தொழிலாளியா? அருமை!" என்றார், வீட்டில் மயில் வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டதுபோல. அவள் தேநீரை அவர் மேல் கொட்டவில்லை. பட்டம் வாங்கிய படிப்பில் அவளுக்கு மிச்சமிருந்த நாகரிகம் அவ்வளவுதான்.

ஆனால் அப்பா அந்தச் சொல்லை விடவில்லை. தடவைக்குத் தடவை கேட்பார். படுத்துக் கிடக்கிற மனிதருக்கு யோசிக்க ஏதாவது வேண்டுமே.

"சரி, என்னதான் கண்டுபிடிச்ச? சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஆதியில அதுக்கு 'கூட'ன்னு அர்த்தமே கிடையாதுப்பா. 'எதிர'ன்னுதான் அர்த்தம். ஒருத்தனுக்கு எதிரா நிக்கறது. சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கறது."

"அப்ப 'கூட'ங்கறதுக்கு என்ன சொன்னாங்க?"

"அதுக்கு வேற வார்த்தை இருந்தது. 'மிட்'. நல்லாத்தான் இருந்தது. ஜெர்மன்காரங்க இன்னும் அதத்தான் சொல்றாங்க. இங்க செத்துப்போச்சு. மருத்துவச்சிய 'மிட்வைஃப்'ங்கறோம்ல, அதுக்குள்ள மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரசவத்துல கூட இருக்கற பொம்பளைன்னு அர்த்தம்."

"எப்பிடிச் செத்தது?"

"யாருக்கும் சரியாத் தெரியல. சண்டைன்னா எதிராளி பக்கத்துல இருந்தாத்தான சண்டை. அவனுக்கு எதிராப் போட்டாலும் அவன் கூடத்தான போடறோம். அப்பிடியே நழுவியிருக்கலாம். கடல் தாண்டி வந்து இங்க குடியேறுன வடக்கத்தியாளுங்க பேச்சுலயும் இதே மாதிரி ஒண்ணு 'கூட'ன்னு இருந்துச்சு. எப்பிடியோ, இது உள்ள வந்து 'மிட்'டோட வேலையெல்லாம் எடுத்துக்கிச்சு."

வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "அடுத்தவன் வேலைக்குள்ள பூந்திருக்கு. கருங்காலி வார்த்தை!"

அவரே சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் கருங்காலி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அறைக்குள் நெவில் வந்து நின்றுவிடுவான்.

நெவில் கேய்னரின் அண்ணன். அரசாங்கம் சுரங்கங்களை மூடப்போகிறது என்று எண்பத்து நாலில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. கேய்னர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், தொழிலாளர் மன்றத்தில் ஊற்றிய சூப்பைக் குடித்து வளர்ந்தாள். கரி தோண்டும் ஊரில் எரிக்கக் கரி இல்லாத குளிர்காலம் அது. ஆட்கள் மாடிக் கதவுகளைக் கழற்றி எரித்தார்கள். நெவிலின் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. மறுவருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, ஜன்னலெல்லாம் கம்பிவலை அடித்த பஸ்ஸில், போலீஸ் இரண்டு பக்கமும் நிற்க, நெவில் வேலைக்குப் போனான். சுரங்க வாயிலில் கத்தியவர்களில் வில்ஃப் முன்வரிசை.

சில வாரங்களில் எல்லாருமே திரும்பினார்கள். சங்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு, பேண்டு வாசித்துக்கொண்டு. தோற்றுத்தான் போனார்கள், ஆனால் சேர்ந்து தோற்றார்கள். நெவில் தனியாகத் தோற்றான். அந்தச் சில வாரங்களுக்கு ஆயுள் தண்டனை. மன்றத்தில் அவனுக்குப் பீர் ஊற்றமாட்டார்கள். கடையில் அவன் பின்னால் வரிசையில் நிற்கமாட்டார்கள். இந்த ஊர்ப் பக்கம் வீட்டு ஆட்களை 'நம்ம' என்றுதான் சொல்வார்கள். நம்ம கேய்னர், நம்ம நெவில். வில்ஃப் அந்த 'நம்ம'வை வெட்டிப் போட்டுவிட்டார். பிறகு பெயரையும். 'அந்தாளு' என்பார், அதுவும் தப்பித்தவறி. சுரங்கத்தை எப்படியும் மூடினார்கள். அதன் மேல் இன்று புல்லும் ஒரு பெரிய சரக்குக் கிடங்கும். அம்மா செத்தபோது நெவில் தேவாலயத்துக்கு வெளியே, மழையில், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது அவன் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அப்பா கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேய்னர் தடவைக்குத் தடவை அதைக் கொண்டுவந்தாள், தடவைக்குத் தடவை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று சொல்லே வாசலைத் திறந்துவிட்டதென்று அவளுக்குத் தோன்றியது. முட்டாள்தனம்தான். படித்தவர்களுக்கு வருகிற முட்டாள்தனம்.

"பாருங்கப்பா, எதிர நின்ன வார்த்தையே கூட வந்து நின்னுடுச்சு. நீங்க ரெண்டு பேரு மனுஷங்க."

"வார்த்தைக்கு என்ன கண்ணு. அதுக்குக் கூட்டாளிங்க கிடையாது. எவன் மூஞ்சியையும் பாத்துப் பதில் சொல்ல வேணாம்." மூச்சு வாங்கினார். "கூரை சரிஞ்சப்ப என்னத் தோண்டி வெளிய இழுத்துப்போட்டது க்ளிஃப். அவன் புள்ளைங்களும் அந்த வருஷம் பட்டினிதான். அவன் போகல. நான் அவன் முன்னால என்னன்னு சொல்லுவேன்? நம்ம வீட்டுக் குழந்தை இருமுச்சுன்னு சொல்லவா?"

"இருமல் மட்டுமா? சாகக் கிடந்துச்சு."

"அத்தனை பேர் வீட்டுலயும் ஏதோ ஒண்ணு சாகத்தான் கிடந்துச்சு."

கேய்னர் தேநீர் போட எழுந்தாள். அடுக்களை வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வரச்சொல்லு."

திரும்பினாள்.

"வரச்சொல்லு. ஞாயித்துக்கிழமை. முன்வாசல் வழியா வரச்சொல்லு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கேய்னர் சந்தோஷத்தில் கெட்டில் வழிய வழியத் தண்ணீர் பிடித்தாள்.

நெவில் பக்கத்து டவுனில் இருந்தான். மார்க்கெட்டுக்குள் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தார்கள். அவன் நரைத்து, அப்பாவின் தோள்களோடு, கிடங்குச் சீருடையில் உட்கார்ந்திருந்தான். பன்றிக்கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டானே தவிரச் சாப்பிடவில்லை.

"வரச்சொன்னாரு, நெவில்! அவரே, வாயத் தொறந்து! ஞாயித்துக்கிழமை முன்வாசல் வழியா..."

சொல்லும்போதே அது அவள் காதில் விழுந்தது. எத்தனை வருஷம் தெற்கே இருந்துவிட்டாள். அங்கே மணியடித்தால் முன்கதவைத் திறந்து, கோட்டை வாங்கி மாட்டி, விருந்தாளியை உள்ளே கூப்பிடுவார்கள். அவளும் அப்படித்தான் வாழ்ந்து பழகிவிட்டாள். அப்பா சொன்னபோது அவளுக்கு அந்தக் கதவுதான் தெரிந்தது.

நெவில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"முன்வாசல்."

"அவரு அப்பிடி நெனச்சுச் சொல்லல..."

"அப்பிடி நெனச்சுத்தான் சொன்னாரு, குட்டி. உனக்குத்தான் மறந்துபோச்சு." கோபமில்லாமல் சொன்னான். "நான் பொறந்த வீடு. ஸ்கூல் விட்டா சேத்துக் காலோட பின்வாசல் வழியா ஓடிவந்து அம்மாகிட்ட அடிவாங்குன வீடு. என்ன, வாரண்ட் எடுத்துட்டு வரவா? இல்ல, மீட்டர் பாக்க வந்தவன் மாதிரி தொப்பி போட்டுக்கவா?"

"வேணாம்னா விடு. நான் போய் நல்லாக் கேக்கறேன் அவர."

"கேக்காத. இதுதான் அவரால முடிஞ்சது." தட்டைத் தள்ளினான். "வர்றேன். மீட்டர்காரனாவே வர்றேன்."

கேய்னர் நேரத்தை யோசித்துத்தான் வைத்தாள். ஞாயிறு மதியம் தெருவே மன்றத்தில் இருக்கும். ஆண்கள் பீரோடு, பெண்கள் பிங்கோ அட்டையோடு. வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். கட்டிலை ஓரமாகத் தள்ளினால் கதவு திறக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மதியம் கட்டிலின் காலைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. அப்பாவும் உருளையும் பழைய இரும்பும் சேர்ந்து பாறையாக இருந்தன.

"விடு," என்றார் வில்ஃப். காலையிலேயே முகச்சவரம் செய்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தார். சுத்தமான பனியன். "அந்தக் கதவு ஊறிப்போச்சு. உங்கம்மா போனதுக்கப்பறம் திறக்கவே இல்ல. இனிமே திறக்காது."

"அப்பறம் எதுக்கு முன்வாசல்னு சொன்னீங்க?"

அவர் பனியனின் சுருக்கத்தை நீவினார்.

அப்போது நெவில் தட்டினான். மூன்று தட்டு, வெளியாள் தட்டுகிற தட்டு. கதவு அப்பாவின் தோளிலிருந்து ஒரு சாண் தூரம். தட்டியது கட்டிலில் அதிர்ந்தது.

"நெவில், இரு! கட்டில் மறிக்குது!" என்று கத்தினாள் கேய்னர். "அப்பா, பின்னால வரச் சொல்லட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க. ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

தபால் போடும் துளையின் தகரமூடி கிறீச்சென்று உள்பக்கம் தூக்கிக்கொண்டது. அந்தத் துளை வழியாக நெவிலின் விரல்கள் தெரிந்தன. பிறகு குரல்.

"அப்பா. நான்தான்."

வில்ஃப் கையைத் தூக்கினார். கை மெதுவாகப் போய்க் கதவின் மரத்தில் பதிந்தது. தள்ளுகிறாரா, தொடுகிறாரா என்று கேய்னருக்குத் தெரியவில்லை. அவர் வாய் அசைந்தது.

"நம்ம..." என்றார்.

பின்கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை. க்ளிஃப் அடுக்களையைக் கடந்து வந்து முன்னறை வாசலில் நின்றார், கோட்டில் பீர் வாசனையோடு.

"தெருமுனைல அந்தாளு காரு நிக்குதுன்னு சொன்னாங்க, வில்ஃபு. உனக்குத் தொந்தரவு குடுக்கறானோன்னு பாக்க வந்தேன்." கெட்ட எண்ணம் இல்லாத முகம். உண்மையாகவே கவலைப்பட்ட முகம். கேய்னரால் தாங்க முடியாதது அதுதான். "நான் போய் அனுப்பிரட்டுமா?"

வில்ஃப் கதவிலிருந்து கையை எடுத்தார். போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"யாருமில்ல," என்றார். "உக்காரு க்ளிஃபு."

"நாசமாப் போங்க ரெண்டு பேரும்!" என்றாள் கேய்னர். அப்பாவின் முன்னால் அவள் அதுவரை அப்படிப் பேசியதில்லை. பின்வாசல் வழியாக ஓடி, சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தபோது கார் கிளம்பிவிட்டிருந்தது. தபால் துளையின் மூடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

தெற்கே திரும்பி, வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் வேலை செய்தாள். 'வித்' முடிந்தது. ஆப்ரி கண்ணாடியை இறக்கிப் படித்தார், பாராட்டினார். முதல் பொருளில் மட்டும் பென்சிலை வைத்தார்.

"'எதிராக' என்ற பொருளுக்குச் சிலுவைக்குறி போடலையே?"

வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை போடுவது அந்த அலுவலகத்தின் முறை. கல்லறையில் போடுவதுபோல.

"அது சாகல," என்றாள்.

"கேய்னர், ஐந்நூறு வருஷமா யாரும் அப்படி எழுதினதில்லையே."

"எழுதறவங்கள விடுங்க. எங்க ஊர்ல வந்து பாருங்க."

ஆப்ரி கனிவாகச் சிரித்தார். அவர் சரி. வாக்கியங்கள் அவர் பக்கம். அவள் சிலுவையைப் போட்டாள். அன்று பிற்பகல்தான் தொலைபேசியில் க்ளிஃப்பின் குரல் கேட்டது. நிதானமாக, தெளிவாக, இரண்டே வாக்கியம்.

ஊருக்குப் போனதும் க்ளிஃப் அவளை அடுக்களையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பெட்டி தூக்குவதற்கு ஆறு பேர் தயார். எல்லாரும் அப்பாவோடு சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். சங்கக் கொடியை மன்றத்திலிருந்து எடுத்து வருவார்கள். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தாளு பெட்டி பின்னால நடந்தா, நாங்க தெருவுலயே இறக்கி வச்சிட்டுப் போயிருவோம், கண்ணு. உன் மேல கோவமில்ல. உங்கப்பாவே கேட்டுக்கிட்டதுதான்."

"எப்ப கேட்டாரு?"

"அன்னிக்குத்தான். நீ வெளிய ஓடுனப்பறம்."

அது பொய்யாக இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். க்ளிஃப் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

நெவிலுக்கு அவளேதான் சொன்னாள். "எதிர்ப்பக்கம் நிக்கறேன், குட்டி. நீ கவலப்படாத," என்றான்.

அடக்கத்தன்று காலையில் பெட்டி செய்பவரின் ஆட்கள் கட்டிலைப் பிரித்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவன் முன்கதவின் தாழை நீக்கி இழுத்தான். இரண்டு கையாலும் முக்கி இழுக்க வேண்டியிருக்கும் என்று கேய்னர் அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு லேசாக, ஒரு முனகல்கூட இல்லாமல், திறந்துகொண்டது. ஊறவே இல்லை.

வெயில் முன்னறைக்குள் வந்தது. வில்ஃபைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆறு பேர் தெருவில் இறங்கினார்கள். கொடி முன்னால் போனது. தெரு முழுக்க ஆட்கள், கறுப்புக் கோட்டுகள். எதிர் நடைபாதையில் மட்டும் ஒரே ஆள். அவனைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. பெட்டி அவனுக்கு நேரே வந்தபோது தூக்கியவர்கள், கொடி பிடித்தவர்கள், பின்னால் நடந்தவர்கள், எல்லாருடைய முகமும் மறுபக்கம் திரும்பியது. யாரும் சைகை காட்டவில்லை. பழகிப்போன கழுத்துகள்.

கேய்னர் திரும்பவில்லை. அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். நாலு எட்டு வைத்துத் தெருவைக் கடந்தால் அவன் பக்கத்தில் நிற்கலாம். கடந்தால் பெட்டி தரையில் இறங்கும். அப்பா, செத்த பிறகும், தெருவில் கிடப்பார். அவள் கால்கள் பெட்டியோடு போயின. அதற்கப்புறம் பல வருஷம் அந்தக் கால்களை அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் ஊர்வலத்தில் போய்விட்டதால் வீடு திறந்து கிடந்தது. முன்வாசல், வெறும் முன்னறை, அடுக்களை, அதற்குப் பின்னால் முற்றம் வரைக்கும் தெரிந்தது. நெவில் தெருவைக் கடந்து வாசற்படி வரை வந்திருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே போகவில்லை. குனிந்து, வெளியிலிருந்தே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து, கதவை இழுத்துச் சாத்தினான். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்துக்கொண்டான்.